காவலூரில் இரவு கிடைத்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியிலோ 1.3 மீட்டர் தொலைநோக்கியிலோ ஓர் இரவு கிடைப்பது லேசல்ல. திட்டம் எழுதி, அதை நேரம் ஒதுக்கும் குழு ஏற்று, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானமும் தெளிந்த பிறகுதான் அது கைக்கு வருகிறது. புதிதாக வருகிற மாணவர்கள் அதை ஒரே மாதிரி வீணாக்குவதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். டோமுக்குள் (தொலைநோக்கி இருக்கும் கூண்டு) டார்ச் அடிக்கக் கூடாது என்பதையெல்லாம் யாராவது சொல்லிவிடுவார்கள், அதை விடுங்கள்.

ஃப்ளாட் எடுக்காமல் தூங்கப் போவது

இது எனக்கு இன்னமும் எரிச்சல். கேமராவில் ஒளியை உணரும் சில்லான சிசிடியின் எல்லாப் பிக்சலும் ஒரே அளவு ஒளியை உணராது. ஃபில்டரில் உட்கார்ந்த தூசி வேறு உளுந்துவடை போல வட்ட நிழல் விடும். அந்தி வானத்தைப் படமெடுத்து, அதுதான் ஃப்ளாட், விண்மீன் படத்தை அதால் வகுத்தால்தான் இவை நீங்கும். ஒரு மாணவர் ராத்திரி முழுக்க ஒரே விண்மீனை எடுத்து, நடுவில் ஒளி 1% குறைந்ததைக் காட்டி, கோள் குறுக்கே போயிருக்கிறது என்று பூரிப்போடு வந்தார். சூரியன் போன்ற விண்மீனை வியாழன் அளவுக் கோள் கடந்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் குறையும், அதனால் ஆசைப்பட்டதில் குற்றமில்லை. ஆனால் கைடிங், அதாவது தொலைநோக்கி விண்மீனைப் பின்தொடர்வது, சரியில்லாமல் விண்மீன் மெல்ல நகர்ந்து ஒரு தூசி நிழலின் மேல் போயிருந்தது. ஃப்ளாட் எங்கே என்றேன். விடியற்காலைக் களைப்பில் எடுக்கவில்லையாம். அப்புறம் எடுக்கலாம் என்றால், அதற்குள் கேமராவைக் கழற்றி மாட்டியாகிவிட்டது, தூசியும் இடம் மாறிவிட்டது. அந்த இரவை மீட்க வழியே இல்லை.

காவலூர் 12.5 டிகிரி வடக்கில் இருப்பதால் சூரியன் செங்குத்தாக இறங்கி, அந்தி சட்டென்று முடிந்துவிடும். ஆகவே வரிசையை முன்பே எழுதி வையுங்கள்: ஒளியைக் குறைவாக விடும் யு (புற ஊதா), பி (நீலம்) ஃபில்டர்கள் மாலையில் முதலில், விடியலில் கடைசியில். 16 பிட் கேமராவில் ஒரு பிக்சல் காட்டும் எண்ணின் உச்சம் 65,535. நீங்கள் 25,000 பக்கம் நில்லுங்கள். படத்துக்குப் படம் தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்துங்கள், இல்லாவிட்டால் மங்கல் விண்மீன்கள் அதே இடத்தில் பதிந்து ஃப்ளாட்டையே கெடுக்கும்.

ஃபோகஸ்

மாலையில் வைத்தது நள்ளிரவில் நிற்காது. குளிர் ஏற ஏறத் திரும்பப் பாருங்கள்.

நேரம்

லாக்கில் (படங்களைக் குறித்து வைக்கும் பதிவேடு) உலக நேரம்தான். நம் நேரத்தில் 5 மணி 30 நிமிடம் கழிக்க வேண்டும். பின்னிரவு 2 மணிக்கு எடுத்த படத்துக்கு அங்கே முந்தைய நாள் தேதி.

ஈரப்பதம்

ஈரப்பதம் ஏறி டோமை மூடச் சொன்னால் மூடுங்கள். இன்னும் ஒரே ஒரு எக்ஸ்போஷர் என்று கெஞ்சாதீர்கள்.