நீல ஐஸும் இரண்டு கண்ணாடி டம்ளரும்

கடல் நீரோட்டப் பாடத்துக்கு நான் கரும்பலகையில் அம்புக்குறி போடுவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. முதல் நாள் ராத்திரியே நீல இங்க் கலந்த தண்ணீரை ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். இங்க்கைத் தாராளமாக விடுங்கள்; வெளிறிப்போனால் கடைசி பெஞ்சுக்குத் தெரியாது.

ஒரே மாதிரி கண்ணாடி டம்ளர் இரண்டு எடுத்து, ஒவ்வொன்றிலும் 300 மில்லி குழாய்த் தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் தலை தட்டிய இரண்டு டீஸ்பூன் தூளுப்பு, ஏறக்குறைய 10 கிராம். கடலிலும் லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். கல்லுப்பு வேண்டாம், கலங்கும். கரைத்தபின் அரை மணி நேரம் டம்ளரைத் தொடாதீர்கள். முதல் தடவை நான் பொறுக்காமல் உடனே ஐஸைப் போட்டு, சுழன்றுகொண்டிருந்த தண்ணீர் முழுக்க நீலமாகி, வகுப்பில் மானம் போனது.

எதில் ஐஸ் முதலில் கரையும் என்று கேளுங்கள். எல்லாரும் உப்புத் தண்ணீருக்குத்தான் கை தூக்குவார்கள். இப்போது ஸ்பூனில் வைத்து அலுங்காமல் இறக்குங்கள். நல்ல தண்ணீரில் நீலம் நூல் நூலாக இறங்கி அடியில் பரவும். உப்புத் தண்ணீர் அதைவிடக் கனம்; அதனால் அதில் மேலேயே படலம் கட்டி நின்றுவிடும். அந்தக் குளிர்ந்த படலத்துக்குள் உட்கார்ந்திருப்பதால் ஐஸ் மெதுவாகத்தான் கரையும்.

அந்தப் படலத்தைக் காட்டித்தான் வட அட்லாண்டிக்குக்குப் போவேன். தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான உப்பு நீர் கிரீன்லாந்துப் பக்கம் குளிர்ந்து, கனத்து, ஆழத்தில் இறங்கித் தெற்கே திரும்புகிறது. பனி உருகிய நல்ல தண்ணீர் மேலே மூடிக்கொண்டால் இறங்குவது தளரும். சுமார் 12,900 வருஷத்துக்கு முன் அப்படித்தான் நடந்தது என்பது பலரின் கணிப்பு: பனியுகம் விலகும் நேரத்தில் வடக்கு மறுபடி உறைந்து, 1,200 வருஷம் போல அப்படியே கிடந்தது. அது முடிந்தபோது கிரீன்லாந்து சில பத்தாண்டுகளிலேயே 10 டிகிரி அளவுக்குச் சூடேறியதை அங்கே தோண்டியெடுத்த பனித்தூண்களில் படிக்கலாம்.

2004 முதல் 26.5 டிகிரி வட அட்சரேகையில், பஹாமாஸிலிருந்து ஆப்பிரிக்கக் கரை வரை கருவிகளைக் கடலில் இறக்கி இந்த ஓட்டத்தை அளக்கிறார்கள். ‘ரேபிட்’ என்று பெயர். சராசரியாக விநாடிக்கு 1.7 கோடி கன மீட்டர்.

“கல்ஃப் ஸ்ட்ரீம் நின்றுவிடும்” என்று தலைப்புப் போடுகிறார்களே, அதை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையோரம் ஓடும் அந்த வெதுவெதுப்பான நீரோட்டம், காற்றும் பூமியின் சுழற்சியும் இருக்கும்வரை ஓடும். தளரக்கூடியது ஆழத்தில் இறங்கித் திரும்பும் ஓட்டம். நம் டம்ளரில் காற்றும் இல்லை, சுழற்சியும் இல்லை. கடைசியில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு நீலப் படலத்தின் மேல் ஸ்ட்ராவால் ஊதச் சொல்லுங்கள். மெதுவாக.