மூச்சோடு சேர்த்து நாடி பார்ப்பது எப்படி

ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். காபி குடித்த கையோடு வேண்டாம். இடது உள்ளங்கையை மடியில் மல்லாத்தி வைத்து, கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் வலது கையின் நடு மூன்று விரல்களை வையுங்கள். கட்டைவிரலால் பார்த்தால் அதன் துடிப்பே குழப்பிவிடும். கழுத்தை அழுத்திப் பார்க்கவே வேண்டாம், சிலருக்கு மயக்கம் வரும்.

சரி, இப்போது ஐந்து எண்ணும் வரை மூச்சை இழுங்கள், ஐந்து எண்ணும் வரை விடுங்கள். இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கி வரும், விடும்போது இடைவெளி விட்டு வரும். முதல் மூச்சில் பிடிபடாவிட்டால் விரலை எடுக்காமல் இன்னும் இரண்டு மூச்சு பாருங்கள்.

இது கோளாறு இல்லை. நரம்பு எதுவும் தொடாவிட்டால் இதயம் நிமிடத்துக்கு 100-ஐ ஒட்டி ஓடும். இதய மாற்று அறுவையில் நரம்புகள் அறுபடுவதால், அதைச் செய்துகொண்டவர்களுக்குச் சும்மா இருக்கும்போதே 90, 100 என்று இருக்கும். நம்மை 70-க்கு இழுத்துப் பிடிப்பது மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு. மூச்சை இழுக்கும்போது அந்தப் பிடி கொஞ்சம் தளர்கிறது. 1921-ல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகியது. நரம்பு இதயத்திடம் ரசாயனத்தால்தான் பேசுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஈசிஜி எடுப்பது என் வேலை. அம்மாவுக்கு இருபது வருடச் சர்க்கரை. ஒருநாள் அவரை இப்படி மூச்சு விடச் சொல்லித் தாளில் கட்டங்களை எண்ணினேன். இழுத்தால் 94, விட்டால் 92. இளவயதில் இந்த வித்தியாசம் 15-க்கு மேல் இருக்கும். வயதானால் குறையும்தான், ஆனால் இரண்டு என்பது மிகக் குறைவு. டாக்டர் சோதித்துப் பார்த்து, சர்க்கரை அந்த நரம்பைப் பாதித்திருக்கிறது என்றார்.

வீட்டில் நாள்பட்ட சர்க்கரைக்காரர் இருந்தால், நரம்பு பாதித்திருக்கிறதா என்று அறிய, படுக்க வைத்து பிரஷர் பாருங்கள். அப்புறம் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பாருங்கள். மேல் அளவு 20 இறங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள். துடிப்பு மூச்சுக்குச் சம்பந்தமில்லாமல் தாறுமாறாக வந்தாலும் ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. நரம்பு கெட்டவர்களுக்கு மாரடைப்பே வலியில்லாமல் வரலாம். காரணமில்லாமல் வியர்த்துக் கொட்டினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அம்மாவின் கட்டிலுக்கு மேலே 108 என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.