வாரத்தில் 40 நிமிடம்: வகுப்புக் கூட்டம் நடத்துவது எப்படி?

நான் 22 ஆண்டுகளாக வகுப்பாசிரியை. முதல் பத்து ஆண்டுகள் நீதிபோதனை வகுப்பில் நேர்மை, பொறுப்பு என்று நிறையப் பேசினேன். பிள்ளைகளும் அழகாகக் கட்டுரை எழுதினார்கள். நேர்மையைப் பற்றி எல்லாரையும்விட நன்றாக எழுதிய பெண், அடுத்த வாரத் தேர்வில் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதினாள். அன்று அவள்மேல் கோபம்தான் வந்தது.

பிறகுதான் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1920-களில் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானவர்களிடம் நடத்திய ஆய்வைப் பற்றிப் படித்தேன். ஓரிடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளை இன்னோரிடத்தில் ஏமாற்றியது. சூழல் மாறினால் நடத்தையும் மாறியது. அப்படியானால் பேசிப் புரியவைப்பதைவிட, பொறுப்பாக நடந்து பழகுவதற்கு ஓர் இடம் தரவேண்டும். அந்த இடமாக நான் கண்டது, வகுப்பின் பிரச்சினைகளைப் பிள்ளைகளே பேசி முடிவெடுக்கும் வாராந்தர வகுப்புக் கூட்டம்.

ஓர் அட்டைப்பெட்டியில் துளை போட்டு வகுப்பின் மூலையில் வையுங்கள். பேச வேண்டியதை யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். ஒரே நிபந்தனை: சீட்டில் எழுதியவரின் பெயர் இருக்கவேண்டும், குற்றம் சாட்டப்படுபவரின் பெயர் இருக்கக்கூடாது. “அவன் பந்தைத் தரமாட்டேன் என்கிறான்” என்பது “பந்து எல்லாருக்கும் கிடைப்பதில்லை” என்று மாறும்போதே பாதிச் சண்டை அடங்கிவிடும்.

கூட்டத்தன்று பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு வட்டமாக உட்காருங்கள். தலைமை தாங்குபவர் வாரம் ஒருவர், வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி. நன்றாகப் பேசும் பிள்ளையே எப்போதும் தலைவராக இருந்தால் மற்றவர்கள் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். இன்னொருவர் குறிப்பேட்டில் முடிவை எழுதுவார். நீங்களும் வட்டத்தில் ஒருவர்தான், கையை உயர்த்தித்தான் பேசவேண்டும். எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது இதுதான். ஆசிரியர்கள் வாயைத் திறந்தாலே பிள்ளைகள் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

எதைப் பேசலாம்? உண்மையிலேயே அவர்கள் முடிவெடுக்கக்கூடியதை மட்டும். இருக்கை வரிசை, விளையாட்டுப் பொருள்கள், வகுப்பைச் சுத்தம் செய்யும் முறை, சத்தம். மதிப்பெண்ணையும் பாதுகாப்பையும் அங்கே கொண்டுவராதீர்கள். ஒரு பிள்ளையை மற்றவர்கள் சேர்ந்து துன்புறுத்தினால் அதையும் வட்டத்தில் வைக்கவே கூடாது. பாதிக்கப்பட்ட பிள்ளை எல்லார் முன்னும் மறுபடி காயப்படும். அதைப் பெரியவர்கள் தனியாக, உடனே கவனிக்கவேண்டும்.

தவறு நடந்தால் என்ன செய்வது? வார்சாவில் யூதக் குழந்தைகளுக்கான அநாதை இல்லம் நடத்திய மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக், பிள்ளைகளே நீதிபதிகளாக இருக்கும் ஒரு நீதிமன்றத்தை அங்கே வைத்திருந்தார். அதன் சட்டத் தொகுப்பில் பெரும்பகுதி மன்னிப்பதற்கானது. அவர்மீதே பிள்ளைகள் வழக்குப் போட்டிருக்கிறார்கள், அவரும் போய் நின்றிருக்கிறார். பெரியவருக்கும் அதே விதி என்று கண்ணால் பார்த்த பிள்ளைக்குக் குடிமை என்பது பாடப்புத்தகச் சொல் அல்ல.

நீதிமன்றம் அளவுக்கு நான் போகவில்லை. மூன்று கேள்விகள் மட்டும் வைத்திருக்கிறேன்: என்ன நடந்தது? யாருக்குக் கஷ்டம்? எப்படிச் சரிசெய்யலாம்? ஒருமுறை பையன் ஒருவன் நூலகப் புத்தகத்தின் படங்களைக் கத்தரித்துவிட்டான். பழைய முறையில் வெளியே நிறுத்தியிருப்பேன். மூன்றாவது கேள்விக்கு வந்தபோது, அந்தப் படங்களைத் தானே வரைந்து ஒட்டுவதாகச் சொன்னான். ஆறு நாள் உட்கார்ந்து வரைந்தான். கத்தரித்த படத்தைவிட அவன் வரைந்தது சுமார்தான். ஆனால் அந்தப் புத்தகத்தை யார் எடுத்தாலும் பின்னாலேயே போய், “பார்த்துப் புரட்டு” என்று சொல்ல ஆரம்பித்தான்.

சுத்தம் செய்வதைத் தண்டனையாக ஒருபோதும் தராதீர்கள். அது எல்லாருக்கும் முறை வைத்து வரும் வேலையாக இருக்கட்டும், உங்கள் பெயரும் பட்டியலில் இருக்கட்டும். நல்ல நடத்தைக்கு நட்சத்திரமும் சான்றிதழும் வேண்டாம். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் ஆர்வமுள்ள மழலையருக்குச் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். பிறகு அந்தக் குழந்தைகள் தாமாக வரைவது குறைந்துபோனது.

ஆரம்பத்தில் கூச்சலாகத்தான் இருக்கும். எங்கள் வகுப்பில் முதல் நான்கு கூட்டங்களில் எந்த முடிவும் வரவில்லை. ஐந்தாவதில் பந்துக்கு ஒரு முறைப்பட்டியல் போட்டார்கள், அதுவும் தப்பான பட்டியல், இரண்டு பேர் விட்டுப்போயிருந்தார்கள். நான் திருத்தவில்லை. எந்த முடிவையும் இரண்டு வாரம் ஓடவிடுங்கள், அப்புறம் குறிப்பேட்டைத் திறந்து “எழுதியபடி நடந்ததா?” என்று மட்டும் கேளுங்கள். விட்டுப்போன அந்த இருவருக்காக அன்று முதலில் கை உயர்த்தியது, பட்டியலில் முதல் பெயருக்குரிய பெண்.