வாட்டமே இல்லாத ஊரில் லெவல் பார்ப்பது: ஆட்டோ லெவலைச் சோதித்துத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் 80 மீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் வடிகால் போட்டோம். மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் 40 மி.மீ. வாட்டம் (சரிவு), அதாவது 2,000-க்கு 1. கிடைமட்டமாகப் பார்த்து உயர வித்தியாசம் அளக்கும் ஆட்டோ லெவல் கருவியை மேல் முனையில் நிறுத்தி, நகர்த்தாமல் கடைசி வரைக்கும் ஸ்டாஃப் என்ற அளவுக்கோலில் ரீடிங் எடுத்துத் தளம் போட்டு முடித்தோம். ஐப்பசி மழை வந்தது, தண்ணீர் ஓடவில்லை. பிறகு கருவியைச் சோதித்தபோதுதான் அது 60 மீட்டருக்கு 24 மி.மீ. மேல்நோக்கிப் பார்ப்பது தெரிந்தது. 80 மீட்டரில் அது 32 மி.மீ. நாங்கள் 40 மி.மீ. இறக்கியதாக நினைத்த இடத்தில் உண்மையாக இறங்கியது 8 மி.மீ. மட்டும். அந்தத் தெருக்காரர்கள் மழைக்காலம் முழுக்கக் கொசுவோடு கிடந்தார்கள். கருவியைச் சோதிக்காதது என் தவறு.

மேட்டுப் பாங்கான ஊரில் இந்தப் பிழை யார் கண்ணிலும் படாது. டெல்டாவில் அப்படி இல்லை. 5,000-க்கு 1 என்று வாட்டம் வைத்த வாய்க்காலில் 100 மீட்டருக்கு இறக்கமே 20 மி.மீ.தான். கருவியின் பிழையும் அதே அளவுக்கு இருந்தால் தண்ணீர் திரும்பி வரும். அதனால் இங்கே லெவல் பார்ப்பவர்கள் மற்ற ஊர்க்காரர்களைவிடக் கறாராக இருந்தே ஆக வேண்டும்.

நான் அதிகம் பார்க்கும் தவறு, “சர்க்யூட் குளோஸ் ஆயிடுச்சு சார், கருவி சரியாத்தான் இருக்கு” என்ற நம்பிக்கை. தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து கணக்கு ஒத்துப்போவதைத்தான் குளோஸ் ஆனது என்கிறார்கள். பேக் சைட்டும் (கருவியை நிறுத்தியதும் எடுக்கும் முதல் ரீடிங்) ஃபோர் சைட்டும் (நகர்த்தும் முன் எடுக்கும் கடைசி ரீடிங்) சம தூரத்தில் இருந்தால் கருவியின் பிழை இரண்டு பக்கமும் ஒரே அளவு ஏறி, கழித்தலில் காணாமல் போகும். கணக்கு அழகாக முடியும். ஆனால் நடுவில் எடுத்த இன்டர் சைட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தூரத்தில் இருக்கும்; அவற்றில் பிழை அப்படியே உட்கார்ந்திருக்கும். வீட்டுப் பேஸ்மட்டம், சாலையின் குறுக்குவெட்டு, வடிகாலின் அடிமட்டம் எல்லாமே நாம் இன்டர் சைட்டில்தான் குறிக்கிறோம். குளோஸ் ஆனது நம் கூட்டல் கழித்தலுக்குச் சாட்சி, கருவிக்கு அல்ல.

கருவிக்குச் சாட்சி இரண்டு முளை சோதனை. டூ-பெக் டெஸ்ட் என்று எல்லோருக்கும் பெயர் தெரியும், செய்கிறவர்கள் குறைவு. 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடித்து, சரி நடுவில் கருவியை நிறுத்துங்கள். எங்கள் கருவி காட்டியது: முதல் முளையில் 1.425, இரண்டாவதில் 1.310. இரண்டாவது முளை 0.115 மீட்டர் உயரம். நடுவில் நின்றதால் பிழை இருந்தாலும் இந்த வித்தியாசம் உண்மையானது. பிறகு கருவியை முதல் முளைக்கு வெளிப்பக்கம் 2 மீட்டர் தள்ளி வைத்தோம். முதல் முளையில் 1.502 வந்தது. அப்படியானால் இரண்டாவதில் 1.387 வர வேண்டும். வந்தது 1.411. வித்தியாசம் 24 மி.மீ. நல்ல கருவியில் இது 60 மீட்டருக்கு 3 மி.மீ.க்குள் அடங்கும், அதைத் தாண்டினால் திருத்த வேண்டும்.

இதைச் செய்யும்போதே தவறுகள் நுழையும். நடுப்புள்ளியைக் கண்ணளவில் வைப்பது முதல் தவறு, டேப் பிடித்தே அளக்க வேண்டும். இரண்டு முளைக்கும் இரண்டு ஸ்டாஃப் வைத்துக்கொள்வது அடுத்தது. ஒரே ஸ்டாஃபைக் கொண்டு போய்ப் பிடிப்பதுதான் முறை. இல்லாவிட்டால் ஒரு ஸ்டாஃபின் அடித்தகடு தேய்ந்திருப்பதும் கருவியின் கணக்கில் சேரும். அடியில் ஒட்டிய களிமண்ணைத் துடைக்காமல் வைத்தால் 5 மி.மீ. அங்கேயே போயிற்று.

திருத்துவதற்கு முன், கருவி மட்டமாக நிற்கிறதா என்று காட்டும் குமிழைப் பார்க்க வேண்டும். குமிழை நடுவில் நிறுத்தி, டெலஸ்கோப்பை அரை வட்டம் திருப்புங்கள். குமிழ் விலகினால், விலகியதில் பாதியைக் கருவியின் அடியில் உள்ள ஃபுட் ஸ்க்ரூவாலும் மீதிப் பாதியைக் குமிழின் அடியில் உள்ள சின்னத் திருகுகளாலும் கொண்டுவர வேண்டும். பலர் முழுவதையும் சின்னத் திருகிலேயே இழுத்துவிடுவார்கள். அப்போது பிழை எதிர்ப்பக்கம் போய் உட்காரும்.

குமிழுக்கு அடுத்தது காம்பன்சேட்டர். உள்ளே தொங்கும் அந்தப் பிரிசம்தான் பார்வைக் கோட்டைக் கிடைமட்டமாக வைத்திருக்கிறது. ஒரு ரீடிங் எடுத்துக்கொண்டு, குமிழ் வட்டத்தைத் தாண்டாத அளவுக்கு ஃபுட் ஸ்க்ரூவைச் சற்றுத் திருப்புங்கள். ரீடிங் மாறக் கூடாது. கருவியை மெல்லத் தட்டினால் படம் ஆடி, பழைய இடத்துக்கே வர வேண்டும். ஆடவே இல்லை என்றால் பிரிசம் சிக்கியிருக்கிறது. அப்போது கிராஸ் ஹேரை (டெலஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்கு இழை) திருகித் திருத்த முயல்வது பெரிய தவறு. இன்று சரியாகத் தெரியும், நாளை வேறொரு பிழை காட்டும். அது சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டிய கருவி.

காம்பன்சேட்டர் நன்றாக இருந்தால் மட்டும் கிராஸ் ஹேர் திருகைத் தொடலாம். பெரும்பாலான ஆட்டோ லெவல்களில் ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் முனை) பக்கத்து மூடியைக் கழற்றினால் அது தெரியும். கருவி முதல் முளைக்கு அருகில் நிற்கும்போதே, தூரத்து ஸ்டாஃபில் 1.387 வரும் வரை கால் திருப்பு, அரைத் திருப்பாக நகர்த்துங்கள். சிலர் ஃபுட் ஸ்க்ரூவைத் திருப்பி 1.387-ஐக் கொண்டுவரப் பார்ப்பார்கள். ஆட்டோ லெவலில் அது வேலைக்கு ஆகாது, காம்பன்சேட்டர் அதை விடாது. திருத்திய பிறகு முழுச் சோதனையையும் முதலிலிருந்து செய்யாமல் பெட்டியை மூடுவது, திருத்தாமல் விட்டதற்குச் சமம்.

கண்ணும் கையும் செய்கிற பிழைகளும் கருவியின் தலையில் விழுவது உண்டு. கிராஸ் ஹேர் கறுப்பாக, கூர்மையாகத் தெரியும்படி ஐபீஸைச் சரிசெய்த பிறகே ஸ்டாஃபை ஃபோகஸ் செய்ய வேண்டும். கண்ணை மேலும் கீழும் அசைத்தால் ரீடிங் நகர்கிறதா? நகர்ந்தால் சோதனையே செல்லாது. நடு இழையை விட்டு மேல் இழையைப் படிப்பதும் அடிக்கடி நடக்கும். மேல், கீழ் இரண்டையும் குறித்து, சராசரி நடு இழையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 3 மீட்டர் உயரத்தில் ஸ்டாஃப் 15 செ.மீ. சாய்ந்தால் ரீடிங் ஏறத்தாழ 4 மி.மீ. கூடிவிடும். பிடிப்பவரை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டச் சொல்லி, வருவதில் மிகக் குறைந்த ரீடிங்கை எடுங்கள்.

நம் வேலைக்காலமே ஒரு சோதனை. ஜனவரி 28-இல் மேட்டூர் அணை மூடி ஜூன் 12-இல் திறப்பது வழக்கம் என்பதால், தூர்வாருவதும் மதகு கட்டுவதும் சித்திரை வைகாசி வெயிலில் வந்து நிற்கும். பத்து மணிக்கு மேல் வயலில் கானல் ஆடும், ஸ்டாஃபின் கோடுகள் நெளியும். அந்த நேரத்தில் கருவியைத் திருத்த உட்காரவே கூடாது. காலையில் ஏழு மணிக்குள் செய்யுங்கள், பார்வைக் கோடு தரையிலிருந்து அரை மீட்டருக்கு மேலேயே போகட்டும். காரில் சுட்டுக் கிடந்த கருவி என்றால் எடுத்து நிழலில் கொஞ்ச நேரம் ஆற விடுங்கள். டிரைபாட் காலை வரப்பின் ஈரக் களியில் குத்தாதீர்கள். ரீடிங் எடுத்துக்கொண்டிருக்கும்போதே அது இறங்கும். தற்காலிக பெஞ்ச் மார்க்கையும் (உயரக் கணக்குக்கு ஆதாரமான குறி) களிமண்ணில் அடித்த முளையில் வைக்க வேண்டாம். காய்ந்தால் வெடித்து, நனைந்தால் உப்பும் மண் இது. பழைய மதகின் கைப்பிடிச் சுவரோ கோயில் படிக்கல்லோ போதும்.

எப்போது சோதிப்பது? வாடகைக்கு எடுத்த அன்று, பெரிய வேலை தொடங்கும் முன், கருவி விழுந்தாலோ இடிபட்டாலோ உடனே. மொபெட்டில் மடியில் வைத்துக் கொண்டுவந்தால் அதையும் இடிபட்டதாகவே கணக்கு வையுங்கள். 1808-இல் நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன், கோணம் அளக்கும் தம் பெரிய தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கயிறு கட்டி ஏற்றினார். தட்டையான இந்த நாட்டில் தூரம் பார்க்கக் கோபுரத்தை விட்டால் உயரம் ஏது? ஏற்றும்போது கருவி கட்டடத்தில் மோதி வட்டத்தகடு வளைந்தது. அவர் அதோடு அளவெடுக்கப் போகவில்லை. வாரக்கணக்கில் உட்கார்ந்து தம் கையாலேயே நிமிர்த்தி, சரியென்று தெரிந்த பிறகே வேலைக்குத் திரும்பினார்.

இரண்டு முளைக் கணக்கில் சந்தேகம் தீராதவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு: ஊருக்கு ஊர் குளம். காற்றில்லாத விடியலில், குளத்தின் எதிரெதிர்க் கரையில் நீர்மட்டத்துக்குச் சரியாகத் தலை நிற்கும்படி இரண்டு முளை அடியுங்கள். ஓடும் வாய்க்காலில் செய்யக் கூடாது, அதன் மேற்பரப்புக்கே வாட்டம் இருக்கும். குளத்தில் மோட்டார் ஓடக் கூடாது, யாரும் இறங்கிக் குளிக்கவும் கூடாது. ஒரு முளைக்கு அருகில் கருவியை நிறுத்தி இரண்டையும் படியுங்கள். இரண்டு ரீடிங்கும் ஒன்றாக வர வேண்டும்.