பேஸ்பால் கார்டுகளை அடுக்க 9-ஆம் வாய்ப்பாடு போதும்

ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்பால் கார்டுகளைச் சேர்க்கிறீர்களா? கார்டின் பின்பக்கம் இருக்கும் எண் வரிசைப்படியே 9 பாக்கெட் ஷீட்டில், அதாவது வரிசைக்கு மூன்றாக ஒன்பது பை கொண்ட பிளாஸ்டிக் தாளில், செருகுங்கள். கைவசம் இல்லாத கார்டின் இடத்தைக் காலியாகவே விடுங்கள்.

இப்படிச் செய்தால் எந்தக் கார்டும் எங்கே என்று 9-ஆல் வகுத்தே தெரிந்துகொள்ளலாம். டாப்ஸ் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட செட்டில் பாரி பாண்ட்ஸ் என்ற ஆட்டக்காரரின் கார்டு எண் 320. 35 ஷீட்டில் 315 கார்டு போய்விடும், மீதி 5. அப்படியென்றால் 36-ஆவது ஷீட்டின் நட்டநடு பாக்கெட். அந்த செட்டில் மொத்தம் 792 கார்டுகள், சரியாக 88 ஷீட், ஒரு பாக்கெட்கூட மிச்சமில்லை! இன்னும் வாங்க வேண்டியதற்குத் தனிப் பட்டியலும் வேண்டாம், காலி பாக்கெட்டே சொல்லிவிடும். புதிதாக ஒன்று கிடைத்தாலும் மற்றதை நகர்த்த வேண்டியதில்லை.

இடம் மிச்சமாகும் என்று ஒரே பாக்கெட்டில் இரண்டைச் செருக வேண்டாம். கணக்கு குழம்பும், அதைவிட முக்கியம், பின்பக்கத்துப் புள்ளிவிவரம் மறைந்துபோகும். எனக்குப் பாதி சுவையே அதில்தான். ஷீட் பிவிசி என்ற பிளாஸ்டிக் வகை இல்லாததாக இருக்கட்டும், பிவிசி நாளாவட்டத்தில் கார்டைக் கெடுக்கும்.

1952 முதல் 1956 வரையிலான டாப்ஸ் கார்டுகளுக்கு இது சரிவராது. அவை அளவில் பெரியவை, 8 பாக்கெட் ஷீட்தான் பொருந்தும். ஜெர்சித் துணி பதித்த தடிமனான கார்டுகளும் இதில் நுழையாது. அணிவாரியாகவோ ஆட்டக்காரர்வாரியாகவோ சேர்ப்பவர்களுக்கு எண் வரிசையே தேவையில்லை.