உறுமியது, சுற்றவில்லை

பழைய இழைப்பு மெஷின் ஒன்று வாங்கினேன். சுவிட்ச் போட்டால் மோட்டார் உறுமும், சுற்றாது. பெல்ட்டைக் கழற்றியும் அதே கதை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையால் சுற்றினால் தண்டு தடையில்லாமல் சுழன்றது, பேரிங் பழுதில்லை.

சிங்கிள் பேஸ் மோட்டார் இப்படி உறுமினால் அதைச் சுற்றத் தொடங்கவைக்கும் ஸ்டார்ட்டிங் பக்கம்தான் சந்தேகம். முதலில், மோட்டார் கிளம்ப உதவும் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை ரெசிஸ்டர் வைத்து இறக்கினேன். இதை யாரும் விட்டுவிடாதீர்கள், பிளக் வெளியே இருந்தாலும் ஷாக் அடிக்கும். மீட்டரில் கெப்பாசிட்டர் சரியாகவே காட்டியது.

அப்புறம் பின்மூடியைத் திறந்தேன். வேகத்தைப் பொறுத்துத் தானே இயங்கும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்சின் கான்டாக்டுகளுக்கு (மின்சாரம் கடக்கும் உலோக முனைகளுக்கு) நடுவே மரத்தூள் கெட்டியாக அப்பிக் கிடந்தது. மோட்டார் நிற்கும்போது அவை ஒட்டியிருக்க வேண்டும். முழு வேகத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு வந்ததும் விலகி ஸ்டார்ட்டிங் சுருளைத் துண்டிக்கும். இங்கே ஒட்டவே இல்லை, சுருளுக்கு மின்சாரம் எப்படிப் போகும்? தூளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கருகிய முனைகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தேன்.

மூடியை மாட்டி சுவிட்ச் போட்டதும் மோட்டார் சட்டென வேகம் பிடித்தது. நடுவே கான்டாக்ட் விலகும் ‘டிக்’ சத்தமும் தெளிவாகக் கேட்டது. பிளக்குக்குள் எர்த் வயர் அறுந்திருந்ததையும் அன்றே சரிசெய்தேன். உண்மையில் அதுதான் பெரிய ஆபத்து.