வற்றும் ஏரியில் உட்கார்ந்து பார்ப்பது எப்படி?

கத்திரி வெயிலில் ஏரிக்குப் போகிறேன் என்றால் வீட்டில் சிரிப்பார்கள். தண்ணியே இல்லாத ஏரியில் என்ன இருக்கும்? கிருஷ்ணகிரிப் பக்கம் நான் பறவைகளையும் விலங்குகளையும் அதிகம் பார்த்தது அந்த நாட்களில்தான். ஏரி நிறைந்திருந்தால் பறவைகள் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும். வற்றிவிட்டால் மிச்சமிருக்கும் குட்டைக்கு எல்லாமே வந்தாக வேண்டும். வலசை வந்தவற்றில் பெரும்பாலானவை ஏப்ரலுக்குள் கிளம்பிவிடுவதால், ஒன்றுபோலவே இருந்து குழப்பும் உள்ளான் கூட்டமும் குறைவு. புதியவர்களுக்கு இது வசதி.

1. ஏரியைத் தேர்ந்தெடுங்கள்

தென்பெண்ணைத் தண்ணீர் கால்வாயில் வந்து சேரும் பாரூர் பெரிய ஏரி இதற்குச் சரிப்படாது. மழையை மட்டுமே நம்பியிருக்கும் உங்கள் ஊர்ச் சின்ன ஏரி போதும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் காட்டை ஒட்டிய ஏரி என்றால் விடிகாலையிலும் அந்தியிலும் போகவே வேண்டாம். யானை தண்ணி குடிக்க வரும் நேரம் அது. எந்த ஏரியானாலும் அங்கே ஆடு மேய்ப்பவரிடம் முதலில் பேசுங்கள். "நரியா? அந்தக் கோடி பக்கம் வரும் சார், விடியறதுக்கு முன்னாடி" என்று ஒரு பெரியவர் சொன்னது எனக்கு ஒரு மாத அலைச்சலை மிச்சப்படுத்தியது.

2. முந்தின நாள் சாயங்காலம் இடம் பாருங்கள்

கரைமேல் நடந்தபடியே பாருங்கள். கடைசித் தண்ணீர் பெரும்பாலும் மதகை ஒட்டிய பள்ளத்திலோ, மண் எடுத்த குழியிலோ நிற்கும். உள்ளே இறங்காதீர்கள். மேலே பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்த மண், அடியில் சேறு. நான் முழங்கால் வரை புதைந்து, ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன்.

3. ஆறு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள்

மங்கலான நிறத்தில் சட்டை, தண்ணீர் பாட்டில், தலைக்குத் துண்டு. 8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது) இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் போங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு சீக்கிரம்? இரவு முழுக்க ஆக்சிஜன் குறைந்து, விடியும்போது குட்டையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். விரால் மாதிரி சில மீன்கள் காற்றை நேரடியாகவே சுவாசித்துச் சமாளிக்கும். திணறி மேலே வரும் மற்ற மீன்கள்தான் கொக்குகளுக்குப் பந்தி. சின்னக் கொக்கின் காலைக் கவனியுங்கள். கறுப்புக் கால், மஞ்சள் பாதம். ஒரு பாதத்தைச் சேற்றில் நடுங்கவிட்டு மீனைக் கிளப்பும். சங்குவளை நாரை அலகைப் பாதி திறந்து தண்ணீரில் விட்டு, தலையை இப்படியும் அப்படியும் வீசும். கண்ணால் தேடுவதில்லை, அலகில் பட்டதும் கவ்வும். நத்தை குத்தி நாரையின் இரண்டு அலகுக்கும் நடுவே ஒரு சந்து தெரியும். பழுதல்ல, அதன் அமைப்பே அப்படித்தான்.

குட்டையிலிருந்து நூறடியாவது தள்ளியே இருங்கள். இரை தேடுவதை விட்டு எல்லாம் கழுத்தை நீட்டினால், நீங்கள் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அவற்றுக்குப் போக வேறு தண்ணீர் கிடையாது.

ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றினால் அசையாமல் தரையைப் பாருங்கள். கூழாங்கல் மாதிரி நான்கு முட்டைகள் பக்கத்தில் எங்கோ இருக்கும். வந்த தடத்திலேயே திரும்புங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தாய் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டைமேல் உட்காருவது தெரியும். வெயிலுக்கு முட்டை வெந்துவிடாமல் இருக்கத்தான்.

4. எட்டரைக்கு மேல் தடம் பாருங்கள்

பறவைகள் இல்லாத பக்கமாக, ஓரத்து ஈரமண்ணில், கெட்டியாக இருக்கும் இடத்தில் மட்டும். நகக்குறி தெரிந்தால் நாயோ நரியோ. உருண்டையாக, நகமே பதியாவிட்டால் பூனை இனம். இரண்டு பிளவாகப் பதிந்தவை ஆடு, மாடு, பன்றி. இங்கே நானும் அடிக்கடி தப்பு செய்வேன்.

5. ஒரு குச்சி நடுங்கள்

தண்ணீர் எவ்வளவு வற்றுகிறது என்று தெரிய, பறவைகள் இல்லாத பக்கமாகத் தண்ணீர் விளிம்பில் குச்சி நட்டு, தேதியும் பறவை எண்ணிக்கையும் நோட்டில் எழுதுங்கள். சேறாக இருந்தால் கரையில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை அதே இடம், அதே நேரம்.

நடுவில் ஒரு கோடைமழை பலமாகப் பெய்தால், அன்று ராத்திரி டார்ச்சோடு துணைக்கு ஒருவரையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போங்கள். மஞ்சளாக மாறிய ஆண் தவளைகள் கத்திக்கொண்டிருக்கும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். பாம்பும் அதே தவளையைத் தேடித்தான் வரும்.